மஞ்சள் பூசிய கேசிங்

அந்த உத்தரவை நான் கைபேசியில்தான் கொடுத்தேன். வாயில் பற்பசை நுரை, ஒரு கையில் பிரஷ், தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசி. மறுமுனையில் எங்கள் பட்டறையின் உலைக்காரர். விஜயதசமி காலை. வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை.

"மொதலாளி கெளம்பறதுக்கு நேரமாகுமாமுங்க சார். ஊட்டுல சொந்தக்காரங்க வந்திருக்காங்களாம். பர்னஸ் காலியாத்தான் கெடக்குது. என்னுங்க பண்றது?"

"நீங்க ஆரம்பிச்சிருங்க. அவரு வந்தா, அடுத்த தடவ இரும்பு போடறப்பப் பூசத் துண்டயும் போட்டுக்கலாம்."

"பூசைக்கு முன்னாலயேங்களா?"

"நான் பாத்துக்கறேன்."

"ஆகட்டுங்க சார்" என்றது மறுமுனை. நான் வாய் கொப்பளித்தேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்காமல் விடுவது, படிப்படியாக மேலே ஏறியவர்களின் மேல் தூசி போலப் படியும் பழக்கம். உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் வாயில் அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வராது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் மணல் அள்ளித் தொடங்கியவன் நான். அப்போது ஒவ்வொரு உத்தரவும் என் கைகால்களில் வந்து இறங்கும். மேலாளரான பிறகு உத்தரவு வாயிலிருந்து கிளம்பும், யாருடைய கைகால்களில் இறங்குகிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடங்களும் ஒரு காலை நேரமும் ஆயின.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி இருக்கிறது பட்டறை. பம்புகளுக்கான இரும்பு வார்ப்புகள்தான் எங்கள் தொழில். ஆயுத பூஜைக்கு உலையை நிறுத்தி, கழுவி, பொட்டு வைத்துவிடுவோம். மறுநாள் முதலாளி தன் கையால் முதல் துண்டை காலி உலைக்குள் இறக்கிய பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். அந்த முதல் துண்டு எப்போதும் ஒரு பம்பு கேசிங். நத்தை ஓடு போலச் சுருண்ட உறை அது, உள்ளே வயிறு வெறுமையாக இருக்கும். தேறாமல் ஒதுக்கியதில் சின்னதாக ஒன்றை முதலாளி வீட்டுக்கு அனுப்புவோம். அங்கே மஞ்சள் தண்ணீரில் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி எடுத்து வருவார்கள்.

காலி உலையில் அது ஈரமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சூடு ஏற ஏறத் தானாக உலர்ந்துவிடும். ஆனால் உருகிக் கிடக்கும் இரும்புக்குள் ஈரம் போகக் கூடாது. ஒரு கை நீர் உள்ளே போனாலும் அது நொடியில் ஆவியாகி வெளியேற வழி தேடும். அந்த வழி இரும்புக் குழம்பைக் கிழித்துக்கொண்டு, மேலே நிற்பவர்களின் முகங்களுக்கு ஊடாகத்தான் போகும். மணல் அள்ளிய காலத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மழைக்காலத்தில் பழைய இரும்பைக் காயவைத்து, சூடேற்றி, அதன் பிறகே போடுவோம். பட்டறையில் சேரும் எவனுக்கும் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்.

பூஜைக் கேசிங்கின் ஈரத்தைப் பற்றி மட்டும் யாரும் யோசித்ததே இல்லை. காலி உலை என்ற வழக்கம் எங்கள் மறதியையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வண்டி ஏற வேண்டிய சரக்கு இரண்டு நாளாக நிற்கிறதே என்ற அவசரத்தில், பல் துலக்கியபடியே அந்த வழக்கத்தை நான் உடைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உலை நிறைந்து, மூடிக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கீழே அச்சுகளின் அருகில் ஒடிசாத் தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள். ஏழு மணிக்கு மேல் முதலாளியின் கார் வந்தது. எழுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் புதுத் திருநீறு. பின்னால், கேசிங்கும் ஆரத்தியும் வைத்த தட்டோடு அவர் மனைவி. அதற்கும் பின்னால், கைபேசியில் படம் எடுத்தபடி அவர் மகன். மூவரும் உலைமேடையின் இரும்புப் படிகளில் ஏறினார்கள். நானும் ஏறினேன். உலைக்காரர் மூடியைத் திறந்தார். அனல் முகத்தில் அறைந்தது.

முதலாளி உள்ளே பார்த்தார்.

"ஏனப்பா, ஆரம்பிச்சுப்போட்டீங்களா?"

உலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் உலையின் மூடியைப் பார்த்தேன்.

"ஆரக் கேட்டு ஆரம்பிச்சீங்க?" மகன் கைபேசியை இறக்கினான். "வருசா வருசம் அப்பா கையாலதான நடக்குது? உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

கேள்வி உலைக்காரருக்குப் போனது. அவர் மறுபடி என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. வழிவிடும் பார்வை, நீங்கள் சொல்வீர்கள் என்ற பார்வை. ஒரே வரிதான், நான்தான் சொன்னேன் என்று. அந்த வரி என் தொண்டைவரை வந்தது. முதலாளியின் மனைவி தட்டோடு நிற்கிறார், நல்ல நாள், மகனுக்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்காது, பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இத்தனையும் ஒரு கண்சிமிட்டலுக்குள் எனக்குத் தோன்றின. கோழைத்தனத்துக்குக் காரணங்கள் எவ்வளவு வேகமாகக் கிடைக்கின்றன! உலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"செரி, உடப்பா. நல்ல நாளும் அதுவுமா ஆரையும் வைய வேண்டாம்" என்றார் முதலாளி. "ஏழரையோட நல்ல நேரம் முடியுது. போட்டர்றேன்."

தட்டிலிருந்து கேசிங்கை இரண்டு கைகளாலும் தூக்கினார். மஞ்சளும் குங்குமமும் மல்லிகையுமாக, புதுப்பெண் போல இருந்தது அது. வெளிப்புறம் நன்றாகத் துடைத்து, காய்ந்து இருந்தது. அவர் அதைச் சற்றே சாய்த்தபோது வாய்ப்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மேடைத் தகட்டில் பட்டதும் 'சுர்'ரென்று சுருங்கி மறைந்தது.

நான் பார்த்தேன். உலைக்காரரும் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

வயிற்றுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறது? வாயைத் திறந்தேன்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க, ஒரு நிமிசம், இத இப்படி ஓரமா வெச்சுப்போட்டு, கொஞ்சம் பாத்து அப்பறமா..."

"ஏனுங்க மேனேஜர், நேரம் போகுதுங்க."

"இல்லீங்க, அதுக்கில்லீங்க, என்னன்னா..."

இப்படித்தான் பேசினேன். எங்கள் ஊரில் மரியாதை என்பது பேச்சுக்குச் சுற்றிப் போடும் மெத்தை. எவர் மீதும் எதுவும் இடித்துவிடாமல் பேசப் பிறந்ததிலிருந்தே பழகுகிறோம். முதலாளி தொழிலாளியை 'வாங்க, போங்க' என்கிறார், தொழிலாளி 'இல்லை' என்பதைப் பத்துச் சொல்லில் சுற்றிச் சொல்கிறார். சமாதான காலத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அன்று அந்த மெத்தைக்குள் என் எச்சரிக்கை மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தது. முதலாளி கண்களை மூடி எதையோ முணுமுணுத்தார். கைகள் உலையின் வாய்க்கு மேல் நீண்டன.

உலைக்காரர் பாய்ந்தார். முதலாளியின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து மேலே தூக்கினார், மறுகையால் கேசிங்கைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு அணைத்துத் திரும்பி, மேடைக்கு வெளியே மணல்மேல் வீசினார். முதலாளி தடுமாறிக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தார். தட்டு கவிழ்ந்தது. குங்குமம் தகடெங்கும் சிதறியது.

"அய்யோ, கருமம்!" என்று அந்த அம்மா அலறினார்.

மகன் உலைக்காரரின் சட்டையைப் பிடித்தான். "அப்பா மேலயே கை வெக்கிறியா? குடிச்சிருக்கியா? இன்னிக்கே வெளிய போ! மேனேஜர், இவனக் கணக்கு முடிச்சு அனுப்புங்க. இப்பவே!"

உலைக்காரருக்கு ஐம்பது வயது. கிணத்துக்கடவுப் பக்கம் தோப்புகளில் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக உலைக்கு வந்தவர். அவர் மகள் அந்த வருடம்தான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். முதலாளி மேல் கைவைத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால், மேட்டுப்பாளையம் சாலையில் எந்தப் பட்டறையும் அவரை வாசலுக்குள் விடாது. எல்லோரையும்விட அவருக்கே அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பாய்ந்திருக்கிறார்.

எட்டிக் கீழே பார்த்தேன். கேசிங் கவிழ்ந்து கிடந்தது. வாயோரம் மணலில் ஒரு கையகல ஈரம், மஞ்சளாக. சூடான மணல் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அதுவும் இருக்காது. பிறகு என் வாய்ச்சொல்லைத் தவிர அந்த மனிதருக்கு வேறு சாட்சி இல்லை.

தலைமை பற்றிப் பேச இப்போது கல்லூரிகளில் கூப்பிடுகிறார்கள். ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், நாலு பேர் முன்னால் வையாதீர்கள், பாராட்டைக் கீழே அனுப்புங்கள், பழியை மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்கிறேன். எல்லாம் உண்மைதான். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அந்த மேடையில் நான் வாய் மூடி நின்ற அந்த இடைவெளியை எப்படிச் சொல்லித் தருவது? தவறான உத்தரவு எவனும் போடுவான், நானும் நிறையப் போட்டிருக்கிறேன். அதன் பலனை இன்னொருவன் தோளில் பார்த்துக்கொண்டே, சமயம் வரட்டும் என்று நிற்பதுதான் ஒருவனை அந்த நாற்காலிக்குத் தகுதியில்லாதவனாக ஆக்குகிறது. சமயம் என்று ஒன்று வருவதில்லை. அடுத்த மூச்சு மட்டும்தான் வருகிறது.

"அவர விடுங்க" என்றேன்.

மகன் திரும்பினான். "என்னது?"

"சட்டையிலிருந்து கைய எடுங்க. உலைய ஆரம்பிக்கச் சொன்னது நான். விடியக்காலம் போன்ல நான்தான் சொன்னேன். பூசைக்கு முன்னாலயான்னு அவரு கேட்டாரு. பாத்துக்கறேன்னு சொன்னேன். பாக்கல." கீழே மணலைக் காட்டினேன். "கேசிங்குக்குள்ள தண்ணி இருக்குது. சொட்டு விழுந்தத நானும் பாத்தேன். சொல்லத் தெரியாம நின்னேன். அவரு புடுங்காட்டி இந்நேரம் நம்ம அஞ்சு பேரும் இல்ல."

கீழே ஒடிசாக்காரர் ஒருவர், நாங்கள் பேசிய தமிழில் எவ்வளவு புரிந்ததோ, குனிந்து கேசிங்கை எடுத்தார். சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். சுருளின் உள்மடிப்பில் தங்கியிருந்த மஞ்சள் நீர் கொளகொளவென்று கொட்டியது.

"இன்னும் இருக்குங்க!" என்றார் அவர், எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக. "நெறைய இருக்குங்க!"

முதலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் உருக்கை ஏந்தி ஊற்றும் லேடிலைத் தூக்கியவர்தான். அவர் முகத்தில் நிறம் இறங்குவதை நான் கண்டேன். தன் மனைவி நின்ற இடத்தைப் பார்த்தார், மகன் நின்ற இடத்தைப் பார்த்தார், பிறகு உலையின் வாயைப் பார்த்தார்.

"ஏனுங்க மேனேஜர், இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க?"

"பயமுங்க."

"ஆருக்குப் பயந்து?"

"உங்களுக்குத்தானுங்க."

"நான் கெழவனுங்க." உலையைக் கைகாட்டினார். "பயப்படோணும்னா இதுக்கல்லவாங்க பயப்பட்டிருக்கோணும்?"

நான் தலையாட்டினேன்.

"உங்களப் பத்தி அப்பறம் பேசலாமுங்க" என்றார்.

"அதுக்காக உங்க கையப் புடிச்சு..." என்று மகன் ஆரம்பித்தான். ஆனால் சட்டையை விட்டிருந்தான்.

அப்போது உலைக்காரர் முதன்முதலாக வாயைத் திறந்தார். நெஞ்சில் மஞ்சள் அப்பியிருந்தது, சட்டைப் பொத்தானில் ஒரு மல்லிகை சிக்கியிருந்தது. அவர் கண்கள் எங்கள் யார் மேலும் இல்லை, உருக்கின் நிறத்தின்மேல் இருந்தன.

"மொதலாளி, பேச்ச அப்பறம் வெச்சுக்கலாமுங்க. உருக்குப் பக்குவத்துக்கு வந்திருச்சு. இப்ப ஊத்தாட்டி வேலைக்காகாதுங்க. இங்க ஆரும் நிக்கப்படாது. எல்லாரும் கீழ எறங்கிக்கோங்க."

முதலாளி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்தார். "வா, எறங்கு" என்று சொல்லி, படிகளில் பக்கவாட்டாக, ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார். பாதியில் நின்று மகனை அண்ணாந்து பார்த்தார்.

"சொன்னது காதுல உழுகலியா? எறங்கு. பர்னஸ் மேல அவரு சொல்றதுதான். இன்னிக்கும் அவருதான் ஊத்துவாரு, நாளைக்கும் அவருதான்."

மகன் இறங்கினான். நான் அங்கேயே நின்றேன். நான் மேலாளர் அல்லவா, உலை ஊற்றும்போது பக்கத்தில் நிற்பது என் வேலை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

உலைக்காரர் கையுறையை இழுத்து மாட்டினார். கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"நீங்களுந்தானுங்க சார்" என்றார்.

நான் இறங்கினேன்.