சமுத்திரக் கரையில் வீட்டு மனைகள்

அந்த விளம்பரத்தை எழுதிய ஆள் யாரோ, எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அவரால் நாங்கள் பெற்றது கொஞ்சமில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்துவிட்டது, எல்லை மட்டும் தீரவில்லை. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று டீக்கடைதோறும் வாய்ச்சண்டை. மனை விற்பவர்களுக்கும் அதே கவலைதான் போலிருக்கிறது. "எல்லை எங்கே போனாலும் பட்டா செல்லும்" என்று நோட்டீஸில் தடித்த எழுத்தில் போடுவார்கள். ரேணிகுண்டா ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த என் நைனா, அந்த நோட்டீஸ்களை ஒன்று விடாமல் வாங்கி வந்து சத்தம் போட்டுப் படிப்பார்.

காரணம் இருந்தது. அம்மாவுக்கு இளைப்பு. ஷெட்டை ஒட்டிய வாடகை வீட்டில் நாளெல்லாம் கரிப்புகை. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதுக்கு மூச்சு வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்தப் புகையில் இருந்தால் தாங்கமாட்டாள், கடல் காற்றுப் பட்டால் தேவலையாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நைனாவுக்குக் கடல் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. தெலுங்கிலும் தமிழிலும், "சமுத்திரக் கரையில் வீட்டு மனைகள்." மேலே தென்னை மரம், அலை, ஒரு கப்பல். பார்க்க வருகிறவர்கள் மேற்கே உள்ள புத்தலப்பட்டில் இறங்க வேண்டுமாம்.

"கடலு கிழக்கால... கீது. மேற்கால... எதுக்கு?" என்று அம்மா திணறித் திணறிக் கேட்டாள்.

"ஆபீசு அங்க இருக்கும். பேசி முடிச்சா, ரயில்ல இட்டுக்கினு போய்க் காட்டுவாங்க," என்றார் நைனா. ஆசை வந்துவிட்டால் அவருக்குக் கிழக்கு மேற்கெல்லாம் ஒன்றுதான்!

புத்தலப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அங்கே காத்திருந்த மனைக்காரர் முன்னால் நடந்தார். கடலைக் காட்டப்போகிறார் என்று பின்னாலேயே போனோம். வழியெல்லாம் வேர்க்கடலைதான் இருந்தது. அம்மாவை நைனா கைத்தாங்கலாக, நின்று நின்று கூட்டி வந்தார். ஒரு மேட்டில் ஏறி, "இதோ, சமுத்ரம்," என்றார் மனைக்காரர்.

பெரிய ஏரி. தண்ணீரில் இரண்டு எருமைகள் கிடந்தன.

நைனாவின் முகம் செத்துவிட்டது. "இது ஏரிய்யா!"

"அவுனு அண்ணா, செருவுதான், ஏரிதான். பெரிய செருவுன்னா எங்க பக்கம் சமுத்ரம்னுதான் சொல்றது. இங்க பாதி ஊரு பேரு சமுத்ரம்னுதானே முடியுது?"

"அப்போ கப்பலு?"

"பிரஸ்ல அந்த ஒரு படந்தான் இருந்துச்சு, அண்ணா."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "யோவ், எருமை குளிக்கிற தண்ணிக்குக் கப்பல் படம் போடுவியா? சீக்காளிய வெயில்ல நடக்க வச்சு ஏரியக் காட்டுறியே, உனுக்கு நெஞ்சுல ஈரம் கீதா? நாளைக்கு ஒரு குட்டையக் காட்டி கங்கைன்னு விப்ப, அதுக்கும் இந்த மனுசன் மொத ஆளா வந்து நிப்பாரு!" நிறுத்தவே இல்லை. மனைக்காரர், அவர் அப்பன், பிரஸ்காரன், என் நைனா, ஒருவரையும் விடவில்லை. ஏரிக்காற்று அவள் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

நான் பயந்துபோய் நைனாவைப் பார்த்தேன். அவர் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைக்காரரிடம், "கரையை ஒட்டின மனைய எங்களுக்கே எழுதுங்க," என்றார்.

"இன்னா, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

நைனாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "நிறுத்தாதே. மூச்சு வாங்காம நீ திட்டி எத்தினி நாளாச்சு! இன்னும் கொஞ்சம் திட்டு," என்றார்.