சொட்டு மச்சானின் தொட்டி

என் அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். தெருவில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவார். தகரக் கூரையில் விழும் மழையெல்லாம் குழாய் வழியாக இறங்கி, வாசலுக்கு அடியில் அவர் கட்டிய தொட்டியில் சேரும். சமையலுக்கும் குளியலுக்கும் அதுதான். துணி அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போகும். சலூனில் தலை நனைக்கிற பாட்டிலிலும் மழைதான். "மேகத்துல இருந்து நேரா உங்க தலைக்கு" என்று பீற்றிக்கொள்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அக்காவுக்கு அவர் கொடுத்த பயிற்சி இருக்கிறதே, ராணுவம் தோற்றுப்போகும். மழை வந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓட வேண்டும். தொட்டியை மூட வேண்டும். தகர மூடி காற்றில் பறக்காமல் அதன்மேல் கருங்கல்லை வைக்க வேண்டும். முதல் தண்ணீர் கூரை அழுக்கோடு தெருவுக்குப் போனதும் வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். ஒன்று தவறினாலும் மனிதர் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அன்று சலூனுக்கு விடுமுறை. மழைக்காலம் தொடங்கும் முன் தொட்டியைக் கழுவிவிடலாம் என்று உள்ளே இறங்கியிருக்கிறார். வேலைக்குப் போயிருந்த அக்காவுக்கு இது தெரியாது. அவள் வீடு திரும்பியபோது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது; தகரக் கூரை இரைந்தது. பார்த்தால், மூடி திறந்து கிடக்கிறது! உள்ளே ஒரே இருட்டு. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று திட்டிக்கொண்டே மூடினாள். கல்லை இழுத்து வைத்தாள். கொஞ்சம் பொறுத்து வால்வையும் திருப்பினாள். கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான் எங்கக்கா?"

"எந்தக் கடையில உக்காந்து கதை அளக்கறாரோ, யாரு கண்டா!"

ஜன்னல் கம்பியில் அவருடைய சட்டை தொங்கியது. பையில் மூக்குக் கண்ணாடியும் கைக்கடிகாரமும் இருந்தன.

"சட்டை போடாமயா கடைக்குப் போனாரு?" கேலியாகத்தான் கேட்டேன்.

அக்காவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "ஐயோ, தொட்டி!" என்று அலறினாள்.

இருவரும் வாசலுக்கு ஓடினோம். அந்தக் கல்லை எப்படிப் புரட்டினோம் என்று இன்றுவரை புரியவில்லை. மூடியைத் தூக்கினால், இடுப்புக்கு மேல் தண்ணீரில், உள்சுவரில் பதித்த இரும்பு ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உயிர் இருந்தது. விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டு, நான் ஓடிப்போய் வால்வைத் தெருப் பக்கம் திருப்பினேன். அத்தனை மழையும் சாக்கடைக்குப் போனது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பிறகு அக்காவிடம் கேட்டார்.

"நீ திட்டுனது எனக்கு உள்ள கேட்டுச்சு. நான் மூடியத் தட்டுனது உனக்குக் கேக்கவே இல்லையா?"

அக்கா அவர் கையைப் பிடித்து, விரல் முட்டியில் துண்டைச் சுற்றினாள்.

"கேட்டுச்சுங்க. தொட்டியில தண்ணி விழற சத்தம்னு நினைச்சேன். இந்த வருஷம் நல்லா நிறையுதுன்னு சந்தோஷப்பட்டேன்."