வெள்ளிக்கிழமை மட்டும் ஒளிரும் ஈஸ்ட்

எங்கள் லுங்பி நகர ஆய்வகத்தில் தவறு செய்தவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் சுட்டுக் கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இங்கே ஈஸ்ட் வளர்க்கும் சோல்வை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. எனக்கு அது பிடிக்கும். நான் பதினொரு கேக் சுட்டவன்.

அஸ்கர் முனைவர் பட்டத்துக்காக வந்தவன். ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. துண்டுக்குப் புரோமோட்டர் என்று பெயர். இயற்கையில் இல்லாத நாற்பது புரோமோட்டர்களைக் கணினியில் வடிவமைத்து ஈஸ்டுக்குள் வைத்திருந்தான். துண்டு வேலை செய்தால் ஈஸ்ட் பச்சையாக ஒளிரும். தினமும் காலை பத்து மணிக்கு அதை அளப்பது சோல்வையின் வேலை.

முப்பத்தொன்றாம் எண் சுத்த சோம்பேறி. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது. தொடர்ந்து மூன்று வெள்ளி.

“சோல்வை, நீ எதையோ மாத்தி ஊத்திட்ட. வெள்ளிக்கிழமை அளவையெல்லாம் தூக்கிப் போட்டுடறேன். அடுத்த வாரம் கேக் உன்னோடது,” என்றான் அஸ்கர்.

“பேராசிரியரே வந்து சொன்னாலும் சுடமாட்டேன். நான் மாத்தி ஊத்தல.”

அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவனை ஒரு அறை விடலாம் போலிருந்தது.

சோல்வை தன் நோட்டைத் திறந்தாள். கடைசிப் பத்தியில், யாரும் படிக்காத குறிப்புகளில், மூன்று வெள்ளிக்கும் ஒரே வரி: ‘கேக் நேரம். அளந்தது 11.40.’

“இந்த நூறு நிமிஷத்துல அதுங்களுக்கு என்ன ஆகுது?” என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே காத்திருந்தாள். கால்மணிக்கு ஒருமுறை, ஈஸ்ட் வளரும் கரைசலில் சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைத்தாள். நான் என் வேலையை மறந்து பக்கத்திலேயே நின்றேன். பத்தே முக்காலுக்குச் சர்க்கரை தீர்ந்தது. பதினொன்றரைக்கு முப்பத்தொன்று பச்சையாக எழுந்தது.

அஸ்கர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். “தின்னு வளர்ந்து முடிச்ச பிறகு தானா வேலையைத் தொடங்குற சுவிட்ச்! இதைப் போய்க் குப்பையில போடப் பார்த்தேனே!”

அந்த வெள்ளிக்கிழமை அவன்தான் கேக் கொண்டுவந்தான். நடுவில் குழி விழுந்திருந்தது. முதல் துண்டைச் சோல்வைக்கு வெட்டிக் கொடுத்தான்.

“உன் பழைய நோட்டெல்லாம் எங்க இருக்கு? அந்தக் கடைசிப் பத்தியைப் படிக்கணும்.”

சோல்வை முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இருபத்திரண்டு வருஷமா எழுதறேன். கேட்ட முதல் ஆள் நீதான்,” என்று சொல்லிவிட்டு அலமாரிச் சாவியை எடுக்கப் போனாள்.

அவளுக்கு எதிர் மேசையில்தான் நானும் அத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.