கண்டக்டர் வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி

கண்டக்டர் இருபத்தாறு வருஷமாக வாய் வலிக்கக் கத்திய வாக்கியம் ஒன்றுதான்: “உள்ள போங்க, இடம் இருக்கு!” படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் அதே, ஒற்றைக் காலில் நிற்கிறவனுக்கும் அதே. வீட்டில் மட்டும் அதைச் சொல்லும் துணிவு அவருக்கு வந்ததில்லை. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஏழு பேர். அவர் மனைவி பதினோரு வருஷமாகக் காலைத் தையல் மெஷினுக்கு அடியில் நுழைத்துத்தான் படுக்கிறாள். இடுப்பு போய்விட்டது. காலையில் எழுந்து நிமிரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்காகத்தான் பெரிய குடியிருப்பு கேட்டு அரசாங்கத்துக்கு மனு போட்டார். மனுவில் ஓர் ஆங்கில வார்த்தை, ‘ஓவர்கிரவுடட்’. பக்கத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம்.

மகள் அகராதியைப் புரட்டினாள். “தாங்குறதுக்கு மேல ஆளுங்க அடைஞ்சு கிடக்கிற நிலைமைப்பா. உதாரணம்கூட இருக்கு. பஸ், ஜெயில்.”

“பஸ்ஸா? நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே!”

“அது ஆளுங்களைச் சொல்ற வார்த்தை இல்லப்பா, இடத்தைச் சொல்றது. ‘வீடு ஓவர்கிரவுடட்’னு சொல்லணும், நாம ஓவர்கிரவுடட்னு சொல்லக் கூடாது.”

“அப்ப தப்பு வீட்டு மேலதான். நல்ல வார்த்தை!” ‘ஆமாம்’ கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் குறி போட்டார்.

எட்டு மாதம் கழித்து, அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படுக்கை, பெட்டி, தையல் மெஷின் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. “அவர் போற வரைக்கும் ஒருத்தரும் தலைகாட்டக் கூடாது” என்று மகன்கள் இருவரையும், மருமகளையும், தன் தம்பியையும் விரட்டிவிட்டாள். மகள் கல்லூரியில் இருந்தாள். வேலையிலிருந்து ஓடி வந்த கண்டக்டர், பளிச்சென்ற அறையையும் நடுவில் ஒற்றை நாற்காலியையும் பார்த்தார். அட, நம் வீடா இது என்று பூரித்தும் போனார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

அதிகாரி வாசலில் தயங்கி நின்றார். கண்டக்டரின் வாய் தானாகத் திறந்தது.

“உள்ள வாங்க சார், இடம் இருக்கு!”

அதிகாரி நாடாவைப் பிடித்து அறையை அளந்தார். “ஏழு பேர்னு எழுதியிருக்கீங்க. ஏழு பேருக்குப் பாயைக்கூடக் காணோமே?”

“எப்படியோ அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம் சார்” என்றாள் மனைவி, வெட்கத்தோடு.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. மகள்தான் படித்தாள். ஏழு பேர் வசிக்கும் அடையாளம் இல்லை. வீடு ஓவர்கிரவுடட் அல்ல. ஐந்து வருஷம் கழித்து மறுபடி மனு செய்யலாம்.

“உன்னை யாருடி ஒழிச்சு வைக்கச் சொன்னது?” கண்டக்டர் கத்தினார்.

“வர்ற மனுஷன் முன்னாடி மானம் போகணுமா? இடம் இருக்குன்னு சொன்னது நானா?”

கண்டக்டருக்கு அவள் மேல் கோபம், தன் மேல் அதைவிடக் கோபம், காலி அறையை அளந்துவிட்டுப் போனவன் மேல் அடக்க முடியாத ஆத்திரம். இன்னும் ஐந்து வருஷம் அந்த இடுப்பு தாங்குமா? வெளியே போய் மாடிப்படியில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காலால் முக்காலியை மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு அவரைப் பார்த்தாள்.

“உள்ள வாங்க,” என்றாள். “இடம் இருக்கு.”