துரை பங்களா மேட்டில் மணல் சுமந்த பாக்கியம்

வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. "பெரியம்மா, அம்மா தவறிட்டாங்க" என்றாள் பாக்கியத்தின் மகள். "எந்தம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு எத்தனை அம்மா! மனசு ஏற்க மறுத்தது, அவ்வளவுதான்.

சுங்கை பட்டாணியில் உங்களுக்கெல்லாம் அவள் தையல் வகுப்பு நடத்திய அம்மா. எனக்கு அவள் மெர்போக் பக்கத்துத் தோட்டத்து வாசலில் நின்று எங்களைச் சோதனை போட்ட பத்தொன்பது வயதுப் பெண். வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று, ரப்பர் பால்வெட்டப் போகும் பெண்களைத் தினமும் விடியலில் முள்வேலி வாசலில் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்கள். தோட்டமே அவளை வைதது. ஒருநாள் நானும் வைதேன்.

எங்கள் இளைஞர் மன்றத்தில் பெண்கள் ஐந்து பேர். ஜெராய் மலை ஏற வேண்டும் என்ற பைத்தியத்தைக் கிளப்பியவள் பாக்கியம்தான். தினமும் கண்ணெதிரே நிற்கிற மலை, எங்களில் ஒருத்தியும் ஏறியதில்லை. போலீஸ் அனுமதிக்கு, மன்றத்தை நடத்திய வாத்தியார் அலைந்தார். அதற்குள் சுமையோடு நடந்து பழக வேண்டுமே, எங்கே நடப்பது? காட்டோரம் போனால் சுட்டுவிடுவார்கள். செம்மண் சாலையில் நடந்தோம், தட்டை. ஆலைப் பாதையில் நடந்தோம், அதுவும் தட்டை. "மேடு வேணும், ஆனா பக்கத்துல புதர் இருக்கக்கூடாது" என்று தேடித் தேடி, கடைசியில் அவள் பிடித்த இடம் துரையின் பங்களா மேடு! சுற்றிலும் வெட்டவெளி, மேலே காவல். மாவு மூட்டைத் துணியில் பை தைத்து, ஆற்று மணல் நிரப்பி, அந்த ஒரே மேட்டை இருபது தடவை ஏறி இறங்கினோம். காவலுக்கு நின்ற மலாய்க்காரர், "கீலாவா இந்தப் பொண்ணுங்க?" என்று சிரிப்பார். "ஆமாண்ணே, பைத்தியம்தான்லா" என்பாள் இவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

கடைசிப் பயிற்சி வேலிக்கு வெளியே, மெர்போக் ஆற்றங்கரை வரைக்கும். அன்று கன்னிப் பொங்கல். கன்னிப் பெண்கள் ஐந்து பேர் பொங்காமல் அது என்ன கன்னிப் பொங்கல்? இரண்டு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து மணலுக்குள் புதைத்தேன். புத்தி புல் மேயப் போயிருந்தது. வாசலில் பாக்கியம் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுத் துழாவினாள். தோழி என்றாலும் அவள் விடுவதில்லை. என் பைக்குள் போன கை நின்றது. பக்கத்திலேயே கான்ஸ்டபிள். பிடிபட்டால் எனக்குச் சிறை, ஐந்து பேருக்கும் மலை இல்லை. பையை இறுகக் கட்டினாள். "இவளுக்குக் காய்ச்சல் அடிக்குது, வீட்டுக்குப் போகட்டும்" என்றாள்.

மறுநாள் பார்த்தால், மலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்திருந்தாள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. தண்ணீர்க் குழாயடியில் அத்தனை பேர் முன்னால், "சோதனை வேலை கிடைச்சதும் தொரை ஆளாயிட்டியாடி?" என்று கத்தினேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான்தான் உள்ளே போயிருப்பேன். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மலைக்குப் போய் வந்தவர்கள் மூன்றே பேர். "பாக்கியம் எங்கே?" என்றேன்.

"அவ பேரையும் அவளே அடிச்சிட்டா. ஏண்டின்னு கேட்டா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல்ங்கிறா" என்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கண்ட அரிசியைக் காணாதது போல் விட்டதற்கு, அவள் தனக்கே போட்டுக்கொண்ட தண்டனை அது.

விடிந்ததும் வாசலில் என் முறை வந்தது. "கையத் தூக்கு" என்றாள், எல்லாரிடமும் சொல்வது போலவே. அவள் கை என் இடுப்பில் பட்டபோது, அதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க எவ்வளவு ஏங்கினேன்! பின்னால் வரிசை நின்றது. "போ" என்றாள். போனேன்.

அந்த வருஷமே அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. பிறகு எத்தனையோ விசேஷங்களில் பார்த்தோம், பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். மலை உச்சிவரை கார் போகத் தொடங்கிய பிறகு ஒருமுறை, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "போலாமாடி?" என்று மெதுவாகக் கேட்டாள். முட்டி வலிக்கிறது என்றேன். மலைக்குப் போனால் அந்தப் பேச்சு வந்துவிடுமே என்ற பயம் எனக்கு. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவளுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஒரு "போலாமாடி" மட்டும் இருக்கிறது. பாக்கியம், முட்டி வலியெல்லாம் பொய்டி.