ரெண்டு ஆம்பளைக்கு ஒரு கூண்டு

காசிமேட்டில் மீன் வெட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். குடல், செதில், ரத்தம் எதுவும் எனக்கு அருவருப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு கினி பிக்குகளை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

முதலாவது என் மகளுடையது. பெருச்சாளிக்கு வாலை வெட்டிவிட்டு மயிரை வளர்த்த மாதிரி இருக்கும். நர்சிங் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போனபோது அதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புல்லைச் சரியாகத் தின்னவில்லை. ஒருநாள் நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அது குனிந்து தன் புழுக்கையை வாயாலேயே எடுத்துத் தின்றது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். மகளிடம் சொன்னால், அதுங்களுக்கு அது வழக்கம்தான், தனியாக இருப்பதுதான் ஆகாது, ஏங்கிப்போகும், ஒரு துணை வேண்டும் என்று போனில் அழுதாள்.

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போது, இன்னொரு டிரைவர் வீட்டில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, பழப்பெட்டியில் போட்டு வாங்கி வந்தார். அதுவும் ஆண். குட்டி போட்டுப் பெருகாது என்பதால் நானும் சரி என்றேன். மகளைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சேர்க்கலாம் என்றும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

"ரெண்டும் ஆம்பளதான? அதுங்களா தோஸ்து ஆயிடும்," என்று பெட்டியைக் கூண்டுக்குள் கவிழ்த்துவிட்டார்.

பழையது மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்தது. தொண்டையிலிருந்து மோட்டார் ஓடுவது போல ஓர் உறுமல். பிறகு இரண்டும் பல்லை நறநறவென்று கடித்தன. அடுத்த நொடி ஒரே பந்தாக உருண்டன. மூத்திரமும் புழுக்கையும் சுவரெல்லாம் தெறித்தன. புதியதன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பதறிப்போய் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எது ஜெயிக்கும் என்று கேட்டு, கூட லாரி ஓட்டுகிறவர்களுக்கு அனுப்புவதற்காம். சிரிப்பு வேறு.

அப்போது எனக்கு வந்த அருவருப்பு அந்தப் பிராணிகள் மேல் இல்லை. குப்பை அள்ளும் முறத்தை நடுவில் செருகி, ஒன்றை ஓரம் தள்ளி, இன்னொன்றைப் பழைய துண்டைப் போட்டு மூடி அள்ளினேன்.

"இன்னா ஜென்மம் நீ? ரத்தம் ஊத்துது, வீடியோ எடுத்துகினு கீற," என்றேன்.

அவர் போனை இறக்கினார். அன்று அவருக்குச் சோறு போடவே எனக்குக் கை கூசியது.

அதன்பிறகு மகள் சொல்லச் சொல்ல நான்தான் எல்லாம் செய்தேன். உதட்டுக்கு மருந்து போட்டு, புண் ஆறும்வரை கூண்டின் நடுவே கம்பிவலை கட்டிப் பிரித்து வைத்தேன். ஒன்றின் வாடை இன்னொன்றுக்குப் பழக வேண்டுமாம். அதற்காக இதன் மூத்திரம் ஊறிய துணியை அதனிடமும், அதனுடையதை இதனிடமும் மாற்றிப் போட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு விரல் நுனியில் தூக்கிப் போவேன். அந்த ஈரத்துணியில் இரண்டும் மூக்கை வைத்து, கறிக்குழம்பு வாசனை பிடிப்பது போல முகர்ந்தன.

புண் ஆறியதும், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் சந்திக்கவிடச் சொன்னாள். எங்களுக்கு இருப்பது ஒரு அறையும் சமையல்கட்டும். மொட்டைமாடியில் படிந்திருந்த கரித்தூசியைக் கழுவித் தள்ளி, பலகைகளால் சுற்றி அடைத்து, புல்லை இரண்டு குவியலாகப் போட்டேன். ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப்பெட்டிகள் வேண்டும், உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் வாசல் வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் அறுத்துக் கொடுத்தார்.

இந்தமுறை கடிக்கவில்லை. அதைவிடக் கேவலம். பழையது மோந்துகொண்டே பின்னால் போய்ப் புதியதன் மேல் ஏறியது. தலைப்பக்கமாகக்கூட ஏறியது. பிறகு பின்பக்கத்தைத் தரையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனது. போன இடமெல்லாம் பிசுபிசுவென்று ஒரு தடம். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் போனில் மகளிடம் அடிக்குரலில் கேட்டேன். யார் பெரியவன் என்று காட்டத்தான் அப்படிச் செய்யும், ரத்தம் வராதவரை பிரிக்காதே என்றாள்.

"கண்கொண்டு பாக்க முடில, அவ்ளோ கலீஜா கீதுடி."

"பாத்துகினே இரும்மா. நடுவுல எடுத்தா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் தணிகிற நேரத்தில் புதியது தலையைத் தாழ்த்தி வழிவிட்டது. பழையது இன்னொரு தடவை உறுமிவிட்டுப் புல்லுக்குப் போனது. புதியதும் பின்னாலேயே போய் அதே குவியலில் வாய் வைத்தது. பழைய வாடை போகக் கூண்டை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வலையைக் கழற்றிவிட்டு, இரண்டையும் உள்ளே விட்டேன். அந்த வீடியோவை அழித்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தபோது இரண்டும் ஒட்டிப் படுத்திருந்தன. பழையது நன்றாகத் தின்று உருண்டிருந்தது. நாற்றமும் இரண்டு பங்காகியிருந்தது. அவள் இரண்டையும் மடியில் போட்டு மாறி மாறி மூக்கில் முத்தம் கொடுத்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. சோப்புப் போட்டு முகம் கழுவாமல் கேக்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, கூண்டின் புழுக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.