பெர்மிட் காணியில் மூத்த மகள்

காணி உத்தியோகத்தராக நான் நடத்திய விசாரணைகளில் ஒன்றை மட்டும் இன்றுவரை முடிந்ததாக நினைக்க முடியவில்லை.

தம்பலகாமம் பக்கத்தில் ஒரு பெர்மிட் வயல். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும் காணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெர்மிட்காரர் தனக்குப் பின் யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் பதியாமலே இறந்துபோனார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மூத்தவள் ராசமலர் கல்யாணம் கட்டாமல் தகப்பனைப் பராமரித்து, வயலையும் செய்தவள். இளையவன் சிவகுமார் கண்டியில் கடை வைத்திருந்தான். செத்தவீடு முடிந்த கையோடு வயலைக் கேட்டு விண்ணப்பித்தான்.

விசாரணைக்கு ஊரே ராசமலருக்காக வந்தது.

"எங்கட பக்கத்தில வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே, மிஸ்? தகப்பனும் வயல் இவளுக்கெண்டுதான் சொன்னவர்" என்றார் கோயில் தலைவர்.

சீதன வளவுக்கு அந்த வழக்கம் செல்லும். பெர்மிட் காணிக்கு அன்றிருந்த சட்டம் வேறு. பெயர் பதியாவிட்டால் மகனுக்கு. மகள் மூத்தவளாக இருந்தாலும் அவனுக்குப் பிறகுதான்.

"ஆனை வந்தா வெடி கொளுத்திக் காவல் கிடந்தது நான்" என்றாள் ராசமலர். "இவனுக்கு எங்கட வாய்க்கால் எதெண்டும் தெரியாது, மிஸ்."

சிவகுமாரைத் தனியே கூப்பிட்டேன். "நீங்கள் வேண்டாமெண்டு எழுதித் தந்தா அக்காவுக்குப் போகும். யோசியுங்கோ."

"நான் அக்காவைத் துரத்தேல்ல, மிஸ். சட்டப்படி எனக்கு வாறதைக் கேக்கிறன்." என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

சட்டப்படியே அறிக்கை எழுதினேன். வேறு வழியிருக்கவில்லை.

அடுத்த போகத்துக்கு அவன் வயலைக் குத்தகைக்கு விட்டான். ராசமலர் அதே வயலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றதைக் கண்டு, வரம்பில் இறங்கிப் போனேன்.

"அப்பாவுக்கு என்ர பேரை எழுத விருப்பம்தான், மிஸ்" என்றாள். "எழுத வேணுமெண்டு ஆரும் சொல்லேல்ல."

பிறகு சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஆண் பெண் பாராமல் மூத்த பிள்ளைக்கு. அதைக் கேள்விப்பட்டு ராசமலர் காணிக் கந்தோரில் என் மேசைக்கு வந்தாள்.

"எனக்கும் பொருந்துமோ, மிஸ்?"

"முடிஞ்ச விசாரணைக்குப் பொருந்தாது, பிள்ளை."

"ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஓய்வுபெறும்வரை, பெர்மிட்காரர் எவர் வந்தாலும் பின்னுரித்தாளர் பெயர் பதிந்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டேன். பலர் யோசிக்காமல் மகனின் பெயரைச் சொன்னார்கள். வயல் செய்யும் மகள் பக்கத்தில் நிற்பாள்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். தகப்பனிடம் மட்டும் கேட்காதீர்கள். மகளுக்கும் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். "வயலை ஆர் செய்யிறது?" என்று இருவரையும் வைத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.